அரைமணிக்கு ஒரு தடவை

கதவு மறுபடியும் திறந்தது.

சத்தமில்லாமல்தான் திறந்தது. அவளுக்கு ஆத்திரமே அதில்தான். படார் என்று திறந்தால் ஒரு திடுக்கிடலோடு போய்விடும். இது அப்படியில்லை. முதலில் வெளியே செருப்புச் சத்தம் வந்து நிற்கும். பிறகு கைப்பிடி மெல்லக் கீழே இறங்கும். கீல் முனகும். முனகியதும் தள்ளுகிற கை அப்படியே நின்றுவிடும், அவள் எழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில். அந்த அக்கறை முடிவதற்குள் அவள் உடம்பிலுள்ள அத்தனை நரம்பும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் ஒரு டார்ச் வெளிச்சம் கட்டில் காலிலிருந்து மெதுவாக ஏறி அவள் இமைமேல் வந்து உட்காரும்.

"அம்மாடி, தூங்கிட்டியா?"

"இல்ல மாமா."

"சரி சரி, நீ தூங்கு."

கதவு மூடியது. மணி காலை பதினொன்று. பதினொன்றரைக்கு மாமனார் மறுபடியும் வருவார். பன்னிரண்டுக்கும் வருவார். நடுவில் பதினொன்று பத்துக்கு அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து போன் செய்வான். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து வடிவாக்குகிற வேலை அவனுக்கு. அந்த நேரத்தில்தான் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமாம்.

"தூங்கிட்டியா?"

"தூங்கிட்டா போனை எடுத்து எப்படிங்க பேசுவேன்?"

"அதில்ல, எடுக்கலேன்னா தூங்கிட்டேன்னு தெரிஞ்சுக்குவேன். அதுக்குத்தான் பண்றேன்."

அவள் போனைத் தலையணைக்கு அடியில் திணித்து அதன்மேல் தலையை வைத்து அழுத்தினாள். கழுத்தை நெரிப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அவளுக்கு இரவு வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீண்ட அறையில், இரவு பத்து முதல் காலை ஆறு வரை. ஆபரேஷன் முடிந்த கருவிகள் அத்தனையும் லிஃப்டில் அங்கேதான் இறங்கும். கழுவி, துடைத்து, வகை பிரித்து, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவி எந்திரத்துக்குள் தள்ள வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டை உண்டு. கத்தரி நான்கு, சின்ன இடுக்கி பன்னிரண்டு, பெரிய இடுக்கி ஆறு என்று அதில் இருக்கும். துணி சுற்றுவதற்கு முன் அட்டையை வைத்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. மேலே வயிற்றைத் திறக்கும்போது பன்னிரண்டு இருந்தால் தைக்கும்போதும் பன்னிரண்டு இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்ததை உள்ளே தேட வேண்டியதுதான். அதனால் அந்தக் கையெழுத்துக்கு மரியாதை உண்டு. எட்டு வருஷம் கருவி கழுவியவள், பரீட்சை எழுதித் தோற்று, இரண்டாம் முறை எழுதி ஜெயித்து, மூன்று மாதத்துக்கு முன்புதான் அந்தப் பேனாவைக் கையில் வாங்கியிருந்தாள். அடித்தளத்தில் அவளுக்கு 'எண்ணிக்கை' என்றே பெயர் விழுந்துவிட்டது.

பேனா வந்தது, தூக்கம் போனது. காலையில் வந்து படுத்தால், மூன்றாவது தட்டில் இரண்டாவது வரிசையைச் சரியாகப் பார்த்தோமா என்று மனசு மறுபடி அடித்தளத்துக்கு இறங்கிவிடும். இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று. அப்படியே ஆறு வாரம் ஓட்டினாள். அப்புறம் ஒரு நாள் அவள் கையெழுத்துப் போட்ட தட்டில் பன்னிரண்டு இடுக்கிக்குப் பதில் பதினொன்று இருந்தது. மேலே இருந்த நர்ஸ் ஆபரேஷன் தொடங்குவதற்கு முன்பே பார்த்துத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிரிவுப் பொறுப்பாளர் அம்மாள் அவளைக் கூப்பிட்டு அந்தத் தட்டை மேஜைமேல் வைத்து, "எண்ணு" என்றார். எண்ணினாள். பதினொன்று. "மறுபடி எண்ணு" என்றார். மூன்று முறை எண்ண வைத்தார். நான்காம் முறை அவள் கண் செருகியதைப் பார்த்துவிட்டு, "தூங்குறியா இல்லையா நீ?" என்றார்.

அப்படித்தான் அவள் ஆஸ்பத்திரி ஊழியர்களைப் பார்க்கும் டாக்டரிடம் போனாள். அவர் ஒரு தாளை நீட்டினார். தூக்கக் குறிப்பு. இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வர வேண்டும். சராசரி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது தூக்கம் இருந்தால் பழைய இடத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் துணிப் பிரிவு. போர்வையும் படுக்கை விரிப்பும் மடிக்கிற இடம். கெட்ட இடமில்லை. ஆனால் பேனா கிடையாது. ஒரு தடவை அங்கே போனால் திரும்பி வர இன்னொரு பரீட்சை. அவளுக்கு அதை எழுதுகிற தெம்பு இல்லை.

அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்த அன்று மாமனார் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றி, இறக்கி, பார்த்தார்.

"தூங்குறவ எப்படிம்மா தான் தூங்குறதை எழுத முடியும்?"

அவர் குடிநீர் ஏற்றும் நிலையத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அரைமணிக்கு ஒரு தடவை தொட்டியின் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. மழையோ வெயிலோ, ஏணியில் ஏறி எட்டிப் பார்த்துத்தான் எழுதுவார். கீழே உட்கார்ந்தபடி உத்தேசமாகப் போடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அவருக்கு உதடு கோணும்.

"நான் எழுதுறேன். நீ கவலையே படாதே. நீ பாட்டுக்குப் படு" என்றார். யாராவது ஏதாவது செய்தால் சரி என்று இருந்தது அவளுக்கு. தலையாட்டிவிட்டாள். தாளில் கட்டங்கள் போதவில்லை என்று மாமனார் தனி நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டார். தாளை நோட்டு அட்டைக்குள் மடித்து வைத்துவிட்டார்.

மூன்றாம் நாளே அவள் சொல்லிப் பார்த்தாள். "மாமா, நீங்க உள்ள வராம வெளியிலிருந்தே பாத்தா போதாதா?"

"வெளியிலிருந்து பாத்தா கதவுதான்மா தெரியும்."

"கூப்பிடாமலாவது..."

"கண்ணை மூடியிருக்கிறதெல்லாம் தூக்கமா? கேட்டாதானே தெரியும். இது உன் வேலை விஷயம். தப்பா எழுதிட்டா நாளைக்கு டாக்டர் நம்மளைத்தானே கேப்பார்?"

டாக்டர் கேட்டது இப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் நேரம் போட்டு எழுதுவதுதானே வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டாள். மாமனாரிடம் எகிற முடியாத கோபம் வேறு வழிகளைத் தேடிக்கொண்டது. ஃபேன் கிறீச்சிடுகிறது என்று அதை நிறுத்தினாள். புழுங்குகிறது என்று மறுபடி போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கதவுக்கு வெளியே ஒற்றைக்காலில் குதித்து விளையாடியதற்கு எழுந்துபோய் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை, ஆச்சரியமாகப் பார்த்தது. அந்தப் பார்வையோடு திரும்பி வந்து படுத்தால் எங்கிருந்து தூக்கம் வரும்?

உதவி செய்ய ஆளுக்குப் பஞ்சமில்லை. மாமியார் உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தார். நன்றாகத்தான் இருந்தது. கண் சொக்கும் நேரத்தில், "இப்ப எப்படி இருக்கு? வருதா?" என்று கேட்டார். கணவன் போனில் மழைச் சத்தம் ஏற்றிக்கொண்டு வந்தான். எட்டு மணி நேரம் விடாமல் பெய்கிற மழை. அதைக் கேட்டு அவள் நான்கு முறை பாத்ரூம் போனாள். இரவில் அவளோடு வேலை செய்கிற ஒருத்தி, தட்டுக்களைத் துணியில் சுற்றுகிறவள், நிறுத்தாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவள், அவளுக்கும் ஒரு யோசனை இருந்தது.

"ஆயிரத்திலேர்ந்து பின்னாடி எண்ணுங்கக்கா. எண்ணூறு வர்றதுக்குள்ள குறட்டை விட்டுடுவீங்க."

"ராத்திரி பூரா எண்ணிட்டு வந்து பகல்லயும் எண்ணவா? என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அவரு என்ன வேலை பாக்கறாரு?"

"வேலை இல்லாமத்தான் இருக்காரு."

"அப்ப அவருக்கு ஏன் தூக்கம் வராது!"

இருந்தாலும் எண்ணிப் பார்த்தாள். எண்ணூற்று நாற்பதை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. மறுபடி ஆயிரத்திலிருந்து தொடங்கினாள். ஐந்நூற்றுப் பதினேழில் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

பதினான்காம் நாள் முடிந்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புவதாகத் திட்டம். மாமனார் நோட்டைத் தயாராக மேஜைமேல் வைத்திருந்தார். மேலட்டையில் அவள் பெயர், தேதி, பக்க எண். அவள் அதைப் பிரித்தது அன்றுதான் முதல் தடவை.

எழுத்து முத்து முத்தாக இருந்தது.

'9.30: புரண்டு படுத்தாள். விழிப்பு.
10.00: கண் மூடியிருந்தது. தூங்கிட்டியா என்று கேட்டேன். இல்ல மாமா என்றாள். விழிப்பு.
10.30: கண் மூடியிருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். ம் என்றாள். விழிப்பு.
11.00: விழிப்பு.'

அவள் பக்கத்தைத் திருப்பினாள். விழிப்பு. திருப்பினாள். விழிப்பு. ஓரிடத்தில், 'தூக்கம் போல் தெரிந்தது. உறுதி செய்துகொள்ளத் தோளைத் தொட்டேன். விழிப்பு.' கடைசிப் பக்கத்தில் கூட்டிப் போட்டு, அடியில் இரட்டைக்கோடு. பதினான்கு நாளில் மொத்தத் தூக்கம் பதினாறு மணி. சராசரி ஒரு மணியும் சில நிமிடமும்.

"ஒரு ரீடிங் விடலை" என்றார் மாமனார்.

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒரு வரிமேல் விரலை வைத்தாள்.

"வாய் திறந்திருந்ததுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"வாயைப் பொளந்துகிட்டுக் கிடக்கிறவ தூங்காம என்ன மாமா பண்ணுவா? பாட்டா பாடுவா?"

"கேட்டேனே! நீதானே ம்னு சொன்னே?"

"ரெண்டு தடவை கூப்பிட்டா செத்தவகூட ம்னு சொல்லுவா!"

"காலங்காத்தாலே என்ன பேச்சு இது" என்று மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். "பெரியவர் உனக்காகப் பதினாலு நாளா கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டு முழிச்சிருந்தார். பகல்ல அரைமணி படுக்கிறவர், அதையும் விட்டுட்டார்."

"எனக்கும் சேத்துத்தான் அத்தை முழிச்சிருந்தார்! நான் அவருக்கு முழிச்சிருந்தேன், அவர் எனக்கு முழிச்சிருந்தார். இந்த வீட்டுல தூங்கினது சுவத்துல இருக்கிற பல்லி மட்டும்தான்!"

சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்த கணவன் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். முகம் தொங்கிவிட்டது.

"இதைக் கொண்டுபோனா நேரா துணிப் பிரிவுதான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற ஒரு தாள்ல அஞ்சு, அஞ்சரை, ஆறுன்னு மாத்தி மாத்திப் போட்டுக் குடுத்துடு. யாரு வந்து பாக்கப்போறா?" என்றான்.

மாமனார் நிமிர்ந்தார். "பொய் ரீடிங் எழுதறதா?"

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"எல்லாரும் சும்மா இருங்க!" என்று அவள் கத்தினாள். அப்படிக் கத்துவாள் என்று அவளுக்கே தெரியாது. "பதினொண்ணு இருந்த தட்டுல பன்னெண்டுன்னு கையெழுத்துப் போட்டுத்தான் இந்த நிலைக்கு வந்து நிக்கிறேன். தூக்கக் கலக்கத்துல போட்டேன், தெரியாம போட்டேன். இப்ப தெரிஞ்சே போடச் சொல்றீங்களா? நாளைக்கு ஒருத்தன் வயித்துல ஒண்ணு தங்கிப்போச்சுன்னா நீங்க வந்து எடுப்பீங்களா?"

நோட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே போனாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயம். அந்தப் பயம் எவ்வளவு கேவலமான வேடிக்கை என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

டாக்டர் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் சொச்சம். இதுல கருவி எண்ணுற வேலை முடியாதும்மா. எழுதிடறேன்." பேனாவைத் திறந்துவிட்டார்.

"முன்னாடி பக்கத்தைப் படிச்சுப் பாருங்க டாக்டர்."

"மொத்தம்தான் முக்கியம்."

"படிங்க டாக்டர். ஒரு பக்கம். வாய்விட்டுப் படிங்க."

அவள் குரலில் இருந்தது வேண்டுதல் இல்லை. வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டுப் படித்தார். 'கண் மூடியிருந்தது. கேட்டேன். இல்ல மாமா என்றாள்.' அடுத்த வரி. அடுத்த வரி. 'தோளைத் தொட்டேன்' வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு இது, தோளைத் தொட்டது?"

"மாமனார்."

"பதினாலு நாளும்?"

"அரைமணிக்கு ஒரு தடவை."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அவள் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். "நான் குடுத்த தாள் எங்கே?"

நோட்டு அட்டைக்குள்ளிருந்து மடிப்புக் கலையாமல் இருந்த அதை அவள் எடுத்து நீட்டினாள். அவர் பிரித்துக் கீழ்ப்பகுதியில் விரலை வைத்தார். அங்கே சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'தூங்கி எழுந்த பிறகு, தூங்கியவரே உத்தேசமாக நிரப்பவும். இடையில் மணி பார்க்க வேண்டாம். பிறர் எழுப்ப வேண்டாம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கோபம் யார்மேல் திரும்புவது என்று தெரியாமல் அறைக்குள் சுற்றியது. கடைசியில் அவள்மேலேயே வந்து விழுந்தது. ஒரு ராத்திரிக்கு அறுபது அட்டை படிக்கிறவள். தனக்குக் கொடுத்த ஒரே ஒரு தாளைப் படிக்கவில்லை.

"ஒரு வாரம் குடுங்க" என்றாள். "ஏழு நாள். நானே எழுதறேன். அஞ்சு வரலேன்னா நீங்க எழுத வேண்டாம், நானே துணிப் பிரிவுக்குப் போயிடறேன்."

"ஏழு நாள். அதுவரைக்கும் உன் தட்டை இன்னொருத்தர் திரும்ப எண்ணணும்."

அந்த இன்னொருத்தர் ரேடியோவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சம்மதித்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் இரும்புச் சாமான் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். படுக்கையறைக் கதவில் முன்பு தாழ்ப்பாள் இருந்தது. மகள் மூன்று வயதில் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு அமர்க்களம் செய்த பிறகு கழற்றிவிட்டார்கள். திருப்புளியைத் தேடி எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, அவளே திருகினாள். மரம் காய்ந்துபோய்த் திருகாணி இறங்க மறுத்தது. ஒவ்வொரு திருகலுக்கும் ஒருவர் முகம் நினைவுக்கு வந்தது. ஆணி இறங்கியது.

மாமனாரும் மாமியாரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, தாளோட அடியில பாருங்க. யாரும் எழுப்பக் கூடாதுன்னு அச்சடிச்சிருக்கு."

அவர் வாங்கிப் படித்தார். காது மடல் சிவந்தது. "பொடி எழுத்து" என்றார்.

"ஆமா, பொடி எழுத்துதான். நானும் பாக்கலை. இப்ப பெரிய எழுத்துல சொல்றேன். நான் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டா, நானா திறக்கிற வரைக்கும் யாரும் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது. வீடு இடிஞ்சாலும் சரி. உங்க பிள்ளை போன் பண்ணாலும் சரி. போன் இனிமே சமையல்கட்டுல இருக்கும்."

"ஏதாவது அவசரம்னா?" என்றார் மாமியார்.

"எனக்குத் தூக்கத்தைவிட அவசரம் வேற இல்லை அத்தை."

முதல் நாள் ஒன்றரை மணி நேரம்தான் தூங்கினாள். மீதி நேரமெல்லாம் கோபத்தில் போனது. பதினொன்றரைக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நிற்பதையும், நின்று யோசிப்பதையும், திரும்பிப் போவதையும் கேட்டாள். இரண்டாம் நாள் செருப்பு வரவில்லை. வெறுங்கால் வந்தது. அன்று மூன்று மணி நேரம். மூன்றாம் நாள் நான்கு. நான்காம் நாள் மூன்றரை. அன்று மாமியார் வெளியே, "சத்தம் போடாதீங்க, அவ தூங்குறா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அதட்டியதில் விழித்துவிட்டாள். ஐந்தாம் நாள் ஐந்து. ஆறாம் நாள் நாலரை. எழுந்ததும் தாளில் உள்ளபடி எழுதினாள். கூட்டிப் பார்த்தால் ஆறு நாளில் இருபத்தொன்றரை மணி. ஏழு நாளுக்கு முப்பத்தைந்து வேண்டும். மிச்சம் ஒரே நாள். பதின்மூன்றரை மணி நேரம் எந்த மனுஷி தூங்குவாள்?

இரவில் ரேடியோ அவள் எண்ணிய தட்டுக்களைத் திரும்ப எண்ணினாள், வாய்விட்டு. "ஒம்போது, பத்து... நேத்து எங்க வீட்ல என்னாச்சு தெரியுமாக்கா... பதினொண்ணு... எங்க விட்டேன்?"

"குடு இங்கே!"

"நீங்க தொடக் கூடாதுக்கா. மேடம் சொல்லியிருக்காங்க."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தன் தட்டை இன்னொருத்தி கதை பேசிக்கொண்டே எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடப் போர்வை மடிப்பதே மேல் என்று அப்போது தோன்றியது. எல்லாம் முடிந்தது, போகட்டும் என்றும் தோன்றியது. கடைசி இரவும் அப்படியே போனது. காலையில் வீட்டுக்கு வந்து, ஒன்பது பத்துக்குத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, இனி ஆவது ஒன்றுமில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்தாள். தட்டு நினைவுக்கு வரவில்லை. இனிமேல் அது அவள் தட்டு இல்லையே.

விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. கன்னத்தில் தலையணைத் தையலின் கோடு. வாயெல்லாம் உலர்ந்திருந்தது. உடம்பு வேறு யாருடையதோ போல் லேசாக இருந்தது. தாழ்ப்பாளைத் திறந்தாள்.

கூடத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. கணவன், மாமனார், மாமியார் மூவரும் சுவரோரமாக நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் சோபாவில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது.

"பத்து நாப்பதா? ராத்திரியா?" என்றாள்.

கணவன் தலையாட்டினான்.

"டியூட்டி பத்து மணிக்கு! எழுப்ப வேண்டாமா?"

"நான் தட்டத்தான் போனேன். அப்பா விடலை."

மாமனார் கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். "நீதானேம்மா சொன்னே. நானா திறக்கிற வரைக்கும்னு. வீடு இடிஞ்சாலும்னு."

"அதுக்காக வேலைக்குப் போறதுக்கு எழுப்பக் கூடாதுன்னா சொன்னேன்?"

"அதை நீ தனியா சொல்லலையே."

"ஐயோ!" என்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கெல்லாம் நடுவுல ஒண்ணுமே கிடையாதா? ஒண்ணு அரைமணிக்கு ஒரு தடவை, இல்லேன்னா அடியோட கிடையாதா?"

"மேடத்துக்கு அப்பா போன் பண்ணிட்டார்" என்றான் கணவன்.

"என்ன சொன்னீங்க மாமா?"

"உள்ளதைச் சொன்னேன். மருமக தூங்குறா, எழுப்ப அனுமதி இல்லேன்னு."

அவள் முகம் கழுவாமல் ஓடினாள்.

அடித்தளத்தில் அவள் மேஜையில் பொறுப்பாளர் அம்மாளே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். நாற்காலி அவருக்குச் சின்னதாக இருந்தது. தலை நிமிராமல் தாமதப் படிவத்தைத் தள்ளினார்.

"காரணம் எழுது."

அவள் எழுதினாள்: 'தூங்கிவிட்டேன்.'

"பதினேழு வருஷமா இந்தப் படிவத்தைப் பாக்குறேன். வயித்துவலி, பஸ் வரலை, மழை, சொந்தக்காரங்க சாவு. ஒருத்தரே மூணு தடவை சாவாங்க. இதை யாரும் எழுதினதில்லை."

"உண்மை அதுதான் மேடம்."

"உன் மாமனாரும் அதைத்தான் சொன்னார். பத்து நிமிஷம் சொன்னார்." பொறுப்பாளர் எழுந்து, பேனாவை வைத்துவிட்டுப் போனார்.

காலையில் டாக்டர் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். முப்பத்தைந்து. ஏழால் வகுத்தால் சரியாக ஐந்து.

"கடைசி நாள் பதிமூணரையா? இதுக்குப் பேரு தூக்கமா, மயக்கமா?"

"சராசரிதானே கேட்டீங்க."

"அது சரி. ஆனா வாரத்துல ஒரு நாள் இப்படி விழுந்து கிடந்துட்டு மத்த நாள் முழிச்சிருக்கறது வைத்தியம் இல்லை."

"தெரியும் டாக்டர். இன்னிக்கும் தூங்கிட்டுச் சொல்றேன். நாளைக்கும் சொல்றேன். இப்ப கையெழுத்துப் போடுங்க, எனக்கு நேரமாகுது."

போட்டார். மாதம் ஒரு முறை குறிப்போடு வர வேண்டும் என்று அடியில் எழுதினார். அவள் அந்தப் பொடி எழுத்தை அங்கேயே நின்று கடைசி வரை படித்துவிட்டுத்தான் தாளை மடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவெடுத்த முகம். அதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"வேலை நிலைச்சிடுச்சு மாமா" என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"நல்லதும்மா."

"நான் படுக்கறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எழுப்பணும். நீங்கதான் எழுப்பணும்."

அவர் உடனே நிமிர்ந்தார். "அஞ்சுன்னா, அஞ்சு அடிக்கும்போதா, அடிச்சு முடிச்சா?"

"மாமா!"

"தட்டணுமா, கூப்பிடணுமா? பதில் வரலேன்னா எத்தனை தடவை?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் பதில் சொன்னாள், கதவு அதிர்கிற மாதிரி.

"எழுந்திருக்கிற வரைக்கும்!"